ஒப்புக்கொள்பவர்கள் பெயர் கொடுக்கலாம்

ஹெலினா கார்பினென் சர்க்கரை நோய்ப் பிரிவுக்கு நர்ஸாக வந்ததில் லட்சியம் எதுவும் கிடையாது. மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது கணவன் வேறொருத்தியோடு தெற்கே போய்விட்டான். இரவுப் பணி பார்த்துக்கொண்டு தனியாளாகக் குழந்தை வளர்க்க முடியவில்லை. அப்போது பகல் வேலை காலியாக இருந்தது அந்த ஒரு பிரிவில்தான். அதில் போய்ச் சேர்ந்தவள் அப்படியே அங்கேயே நரைத்துப் போனாள்.

பின்லாந்தில் சர்க்கரை நோய் என்றால் முதியவர்கள் முகம் மட்டும் நினைவுக்கு வருவதில்லை. பால்பல் விழாத பிள்ளைகளையும் அது பிடிக்கிறது, வேறெந்த நாட்டையும் விட அதிகமாகப் பிடிக்கிறது. ஏன் என்று கேட்டால் டாக்டர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். திடீரென்று ஒரு வாரம் பிள்ளை வாளி வாளியாகத் தண்ணீர் குடிக்கும், துரும்பாக இளைக்கும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அன்றிலிருந்து ஆயுள் முழுக்க இன்சுலின். கைனு வட்டாரத்தில் அப்படி ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும், அது படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஹெலினா காரை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். ஆசிரியர்களையும் உதவியாளர்களையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பாள்: எப்போது சுகர் ஏறும், எப்போது இறங்கும், சாப்பாட்டுக்கு முன் எவ்வளவு மருந்து, மயங்கி விழுந்தால் மூக்கில் அடிக்கும் மருந்தை எப்படிப் பிடிப்பது. காட்டுக்கு நடுவே தார் ரோட்டில் மணிக்கணக்காக ஓட்டுவது அவளுக்குப் பிடித்திருந்தது. போய்ச் சேரும் இடத்தில் காபியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் கட்டாயம் கிடைக்கும்.

ஹவுக்கிவாரா ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அவள் முதன்முதலில் போனது வில்யா கெம்பைனெனுக்காக. ஏழு வயதுப் பெண். அந்த இலையுதிர் பருவத்தில் முதல் வகுப்பில் சேரவேண்டியவள். கோடைக்கால நடுவில் நோய் கண்டது. அப்பா மரலாரி ஓட்டி வாரக்கணக்கில் வெளியே இருப்பவர். அம்மா ஹெத்தா முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர். ஆசிரியர் ஓய்வறையில் ஒரு மூலை நாற்காலியில் ஹெத்தாவும் உட்கார்ந்திருந்தாள், தூங்காத கண்களோடு.

ஹெலினா எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். தலைமையாசிரியர் ரவுனோ தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நல்லாச் சொன்னீங்க, நன்றி. ஆனா ஒண்ணை நான் சொல்லியாகணும். மருந்து குடுக்கறது ஆசிரியர் வேலையில சேராது. சட்டப்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஒப்புக்கிறவங்க பேர் குடுக்கலாம்."

எல்லோரும் அவரவர் காபிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். இந்த மௌனம் ஹெலினாவுக்குப் பழக்கம். எந்தப் பள்ளிக்கூடத்திலும் இந்த இடத்தில் இது வரும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

"என் வகுப்புல இருபத்திரெண்டு உருப்படி," என்றாள் கிர்சிக்கா டீச்சர் கடைசியில். "அளவு தப்பாப் போட்டு ஏதாவது ஆனா என் தலையிலதானே விடியும்?"

"எனக்கு ஊசியைப் பாத்தாலே மயக்கம் வரும்," என்றார் விளையாட்டு ஆசிரியர். "அப்புறம் ரெண்டு பேருக்குச் சேத்து ஆம்புலன்ஸ் கூப்பிடணும்."

கொஞ்சம் பேர் சிரித்தார்கள். ஹெத்தா சிரிக்கவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கதவோரம் நின்றிருந்த பெருத்த உடம்புக்காரி ஒருத்தி வாய் திறந்தாள். பள்ளி உதவியாளர் சிர்பா. "நான் பண்ணை வீட்டுல வளந்தவ. மாட்டுக்கே ஊசி குத்தியிருக்கேன். மாடு உதைக்கும். இது உதைக்காதுல்ல?"

"உதைப்பா," என்றாள் ஹெத்தா. "முதல் வாரம் என்னைய உதைச்சா."

"அப்பச் சரி. பழக்கப்பட்ட வேலைதான்."

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஹவுக்கிவாராதான் ஹெலினாவின் செல்லப் பள்ளிக்கூடம். வேறு ஊர்களில் யாரும் பெயர் கொடுக்காதபோது, "ஹவுக்கிவாராவுல ஒருத்தி இருக்கா," என்று பேச்செடுப்பாள். சிர்பா முதலில் தடுமாறத்தான் செய்தாள். தினமும் போன் வரும். "ஹெலினா, இன்னிக்குப் பட்டாணி சூப். இவ ரெண்டாவது தட்டு கேக்கறா. குடுக்கவா?" பிறகு போன் குறைந்தது. பிறகு நின்றது. வில்யா என்கிற பிள்ளையைச் சிர்பா படித்துவிட்டாள். அந்தப் பெண் ஓயாத வாயாடி. குதிரைகளைப் பற்றிய தடித்தடியான புத்தகங்களைப் படித்துவிட்டு எதிர்ப்படுகிறவர்களையெல்லாம் நிறுத்திக் கதை சொல்லும். சுகர் இறங்கும்போது மட்டும் வாயை மூடிக்கொள்ளும். நடுக்கமோ வியர்வையோ வராது, பேச்சுதான் நின்றுபோகும். கையில் ஒட்டிய, சுகரை அளக்கும் சென்சார் போனில் கூவுவதற்கு முன்பே சிர்பா ஆரஞ்சுப் பழச்சாறு டப்பாவோடு வந்து நிற்பாள். "என்னடி, குதிரை செத்துப்போச்சா? சத்தத்தையே காணோம்."

ஹெத்தா மீண்டும் முழு வேலைக்குப் போனாள். ராத்திரி தூங்கினாள்.

அப்புறம் ஊராட்சியில் சிக்கனம் வந்தது. பிள்ளைகள் எண்ணிக்கை குறைகிறது, செலவு குறையவில்லை என்றார்கள். உதவியாளர்களின் ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கவில்லை. ஜூன் மாதம் சிர்பா போன் செய்தாள்.

"என்னை நிறுத்திட்டாங்க, ஹெலினா. கடைல கல்லாவுல உக்காரப் போறேன்."

"வில்யாவை யாரு பாத்துக்கறது?"

"அதைத்தான் நானும் கேட்டேன். ஏற்பாடு பண்ணுவோம்னாங்க. அந்த 'வோம்' யாருன்னு கேட்டேன்."

ஆகஸ்டில் ஹெலினா புதிய உதவியாளர் ஒருவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். இலைகள் உதிர்வதற்குள் அவன் வேறு வேலை கிடைத்துப் போனான். அடுத்து வந்தவள் பிரசவ விடுப்பில் போனாள். அவளுக்கு அடுத்தவள் வாரத்தில் பாதி நாள்தான் வந்தாள். ஒவ்வொரு முறையும் ஹெலினா அதே காட்டு வழியில் அதே ஓய்வறைக்குப் போய், அதே வாக்கியங்களை முதலிலிருந்து ஆரம்பித்தாள். சல்லடையில் தண்ணீர் அள்ளுவது போலிருக்கிறது என்று மகளிடம் போனில் சொன்னாள். மகள் "ரிட்டையர் ஆகிடும்மா" என்றாள்.

குளிர்காலம் தொடங்கும்போதே சுகாதார நிர்வாகமும் மாறியது. பல ஊர் நிலையங்களை ஒன்றாக்கி ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவந்தார்கள். ஹெலினாவுக்குப் புது மேலாளராக மார்கெத்தா வந்தாள். இளவயது, சுறுசுறுப்பு, குரலில் எப்போதும் ஒரு கனிவு.

"ஊர் ஊராப் போய் ஒரே விஷயத்தைத்தானே சொல்றீங்க? பெட்ரோல், நேரம், உங்க முதுகுவலி எல்லாம் வீண். ஒரு தடவை வீடியோ எடுத்துட்டா எல்லாப் பள்ளிக்கூடமும் பாத்துக்கும். பாத்து முடிச்சதும் சான்றிதழ் தானா வந்துடும்."

"அவங்க ஏதாவது கேக்கணும்னா?"

"கடைசில நம்ம எண்ணைப் போட்டுடலாம்."

ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஹெலினாவை நிற்கவைத்தார்கள். ஊசி போடப் பழகுவதற்காக அவள் எப்போதும் எடுத்துப்போகும் ஆரஞ்சுப் பழத்தை மேசையில் வைத்தார்கள். கேமராவைப் பார்த்து அவள் பேசினாள். பேசும்போது எதிரில் யார் முகம் வெளுக்கிறது, யார் கை நடுங்குகிறது, யார் புரியாமலே தலையாட்டுகிறார் என்று பார்த்துப் பார்த்துப் பேசியே பழகியவள். கேமரா தலையாட்டவில்லை. "பிள்ளை ஒண்ணுமில்லைன்னு சொன்னா நம்பாதீங்க, பாத்துடுங்க," என்று சொல்லிவிட்டு, பழக்க தோஷத்தில் பதிலுக்காக ஒரு கணம் நின்றாள். படம் எடுத்தவன் "நல்லா வருது, மேல சொல்லுங்க," என்றான்.

வீடியோ நன்றாகவே வந்தது. மார்கெத்தா அதை வேறு வட்டாரங்களுக்கும் அனுப்பினாள். நேரடிப் பயணங்கள் நின்றன. கடைசியில் போட்ட எண்ணை, கொஞ்ச நாளில், திரும்ப அழைக்கும் சேவையோடு இணைத்துவிட்டார்கள். கூப்பிடுகிறவர் செய்தியை விடவேண்டும். அது வரிசையில் நிற்கும். வரிசை ஒவ்வொரு நாள் காலையும் நர்ஸ்களின் திரையில் வந்து விழும்.

பிப்ரவரியில் ஒரு காலை அப்படி விழுந்தவற்றில் ஒன்று: ஹவுக்கிவாரா பள்ளி, யோனத்தான், தற்காலிக ஆசிரியர், சர்க்கரை நோயுள்ள மாணவி குறித்து ஒரு கேள்வி. போன வாரக் கடைசியில் பேசியிருக்கிறான். ஊரின் பெயரைப் பார்த்ததும் ஹெலினா மற்றவற்றை ஒதுக்கிவிட்டு முதலில் அந்த எண்ணைத்தான் அழைத்தாள்.

வெகுநேரம் மணி அடித்த பிறகு எடுத்தான். சின்னப் பையனின் குரல்.

"நர்ஸ் ஹெலினா பேசறேன். ஏதோ கேள்வின்னு சொல்லியிருந்தீங்க."

மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஹலோ?"

"ஆமா. அந்த மூக்கு மருந்து. வெளிய போறப்ப கூடவே எடுத்துட்டுப் போகணுமா, இல்ல பள்ளிக்கூடத்துலயே இருக்கணுமான்னு கேக்கத்தான் போன் பண்ணேன்."

"கூடவே எடுத்துட்டுப் போகணும். எங்க போனாலும்."

"சரி," என்றான். "ஆனா இப்ப அது தேவைப்படாது," என்றான். பிறகு அவன் அழுவது கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது.

முந்தின நாள்தான் பனிச்சறுக்கு நாள். ஒவ்வொரு பிப்ரவரியும் பள்ளிக்கூடமே ஏரிக்கரைக் காட்டுப் பாதையில் சறுக்குக் கட்டையோடு இறங்கும். கிர்சிக்கா காய்ச்சலில் படுத்துவிட்டதால் வில்யாவின் வகுப்பு முந்தின வாரத்திலிருந்தே யோனத்தானிடம் இருந்தது. ஆசிரியர் படிப்பு படித்துக்கொண்டிருந்தவன், இருபத்துமூன்று வயது. உதவியாளர் வராத நாட்களில் வில்யாவைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அவனிடம் கேட்டார்கள், அவன் பெயர் கொடுத்தான். வீடியோவை முழுக்கப் பார்த்தான், சான்றிதழ் வாங்கினான். சந்தேகம் வந்தது, போனும் செய்தான். குற்றம் சொல்ல அவனிடம் எதுவும் இல்லை.

நல்ல உறைகுளிர். வில்யாவின் சட்டைப்பையிலிருந்த போன் குளிரில் அணைந்துபோனது. சென்சார் கூவியிருந்தாலும் கேட்க வழியில்லை. பிள்ளை வரிசையின் கடைசிக்குப் பின்தங்கியது. யோனத்தான் திரும்பி வந்து, "நல்லா இருக்கியா?" என்று கேட்டான். தலையசைத்தது. நம்பாதே, பார் என்பது அவனுக்கு நினைவிருந்தது. முகத்தை உற்றுப் பார்த்தான். வியர்வை இல்லை, நடுக்கம் இல்லை. அமைதியாக இருந்தது. அவனுக்கு அந்த வகுப்பைத் தெரிந்தே சில நாள்தான். இது அதிகம் பேசாத பிள்ளை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

முன்னால் ஒரு பையனுக்குக் கட்டை முறிந்தது. அவனைத் தூக்கிவிடப் போனான். எண்ணிப் பார்த்தபோது ஒரு தலை குறைந்தது. பாதையை விட்டு விலகி, ஒரு பைன் மரத்தடியில், பனியில் சாய்ந்து கிடந்த வில்யாவுக்கு அப்போது வலிப்பு வந்துகொண்டிருந்தது. அவன் பையிலிருந்த பழச்சாறு கல்லாக உறைந்திருந்தது. உறையாமல் இருந்திருந்தாலும் நினைவில்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்று வீடியோவில் சொல்லியிருந்தது. அவன் ஊற்றவில்லை. மூக்கு மருந்து ஓய்வறை அலமாரியில் இருந்தது. ஆம்புலன்ஸ் தொலைவிலுள்ள கயானி நகரத்திலிருந்து வரவேண்டும். அது வரும்வரை தன் மேல்கோட்டையும் ஸ்வெட்டரையும் கழற்றிப் பிள்ளையைச் சுற்றி, மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வில்யா பிழைத்தாள். வசந்தம் வருவதற்குள் நடந்தாள், சாப்பிட்டாள், சிரித்தாள். ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் முதல் வரியைப் படித்துவிட்டு இரண்டாவது வரிக்குப் போகும்போது முதல் வரி தொலைந்துபோனது. மறுபடி முதலுக்கு வருவாள். கொஞ்ச நேரத்தில் புத்தகத்தை மூடிவைப்பாள். காலப்போக்கில் சரியாகலாம் என்றார்கள் டாக்டர்கள். ஆகாமலும் போகலாம் என்று அவர்கள் சொன்னதாக ஹெத்தா பிறகு சொன்னாள்.

விசாரணைக் கூட்டம் நடந்தது. ஊராட்சி அதிகாரி ஒருவர், ரவுனோ, மார்கெத்தா, ஹெலினா. பயிற்சி தரப்பட்டிருந்ததா என்று அதிகாரி கேட்டார். தரப்பட்டிருந்தது. சான்றிதழ் இருக்கிறதா? இருக்கிறது. பயிற்சியில் மூக்கு மருந்தைப் பற்றிச் சொல்லப்பட்டிருந்ததா? சொல்லப்பட்டிருந்தது, ஹெலினாவே சொல்கிறாள், வீடியோவை ஓட்டிக் காட்டினார்கள். வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஹெலினா நின்று பேசுவதை ஹெலினா உட்கார்ந்து பார்த்தாள்.

"அந்தப் பையன் போன் பண்ணியிருந்தான்," என்றாள் அவள். "நாங்க திரும்பக் கூப்பிட நாலு நாள் ஆச்சு."

"சேவைக்கு விதிச்ச நேரத்துக்குள்ளதான் கூப்பிட்டிருக்கீங்க," என்றார் அதிகாரி மென்மையாக. அவளைத் தேற்றுவதாக நினைத்துச் சொன்னார்.

"ரெண்டு வருஷம் அந்தப் பிள்ளையைத் தெரிஞ்ச ஒருத்தி இருந்தா. அவளை நிறுத்திட்டீங்க."

"அது இந்த விசாரணைக்குள்ள வராதுங்க."

யார் மேலும் தவறில்லை என்று முடிந்தது. வெளியே வரும்போது மார்கெத்தா அவள் தோளைத் தொட்டாள். "மனசைப் போட்டு வருத்திக்காதீங்க. உங்க வீடியோதான் எல்லாரையும் காப்பாத்துச்சு."

"எல்லாரையுமா?" என்றாள் ஹெலினா.

மார்கெத்தாவின் முகம் சிவந்தது. அவளும் கெட்டவள் இல்லை.

ஹெத்தாவைப் பார்க்கப் போக ஹெலினாவுக்குப் பல நாள் தைரியம் வரவில்லை. போனபோது ஹெத்தா கதவைத் திறந்து, உள்ளே கூப்பிட்டு, காபி போட்டாள். முதியோர் இல்ல வேலையை விட்டுவிட்டாளாம். தினமும் பள்ளிக்கூடத்துக்கு மகளோடு போய் வகுப்புக்கு வெளியே நடையில் உட்கார்ந்திருக்கிறாளாம்.

"உங்க வீடியோவை நானும் பாத்தேன்," என்றாள் ஹெத்தா. "நல்லாச் சொல்லியிருக்கீங்க. எனக்கே ரெண்டொரு விஷயம் புதுசாத் தெரிஞ்சுது."

குரலில் குத்தல் ஏதுமில்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஹெலினாவுக்குத் தோன்றியது. திட்டுவாள் என்று எதிர்பார்த்து, அதைத் தாங்கிக்கொள்ள ஆயத்தமாகத்தான் அவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

ஆகஸ்டில் பள்ளிக்கூடம் திறந்தபோது, யாரும் அனுப்பாமல், தன் விடுமுறை நாளில், ஹெலினா ஹவுக்கிவாராவுக்குப் போனாள். ரவுனோ மறுக்கவில்லை. ஒரே குளிர்காலத்தில் அவர் கிழவராகியிருந்தார். ஓய்வறையில் எல்லோரும் கூடினார்கள். முன்னெப்போதையும் விட நன்றாகக் கேட்டார்கள். யாரும் ஜோக் அடிக்கவில்லை, யாரும் போனை நோண்டவில்லை. கேள்விகள் கேட்டார்கள். இந்தத் தடவை பெயர் வரும் என்று ஹெலினா நினைத்தாள்.

வரவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு கிர்சிக்கா மட்டும் நின்றாள். "தப்பா எடுத்துக்காதீங்க, ஹெலினா. யோனத்தானைப் பாத்தோம்ல? தங்கமான பையன். எல்லாத்தையும் சரியாத்தான் பண்ணான். படிப்பை விட்டுட்டு இப்ப எங்கேயோ கிடங்குல பெட்டி தூக்கறான். பேர் குடுத்ததுக்கு அவனுக்குக் கிடைச்சது அதுதான்." கொஞ்சம் தயங்கி, "அம்மாதான் தினமும் வராங்களே," என்றாள்.

ஹெத்தா நடையில், பிள்ளைகளின் மழைச்சட்டைகள் தொங்கும் கொக்கிகளுக்குக் கீழே, குட்டைப் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். ஹெலினா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கதவுக்கு அப்பால் யாரோ ஒரு பிள்ளை சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தது. அது வில்யா இல்லை.

"கேலி பண்றாங்களாம்," என்றாள் ஹெத்தா. "அம்மா கூட்டிட்டு வர்ற பாப்பான்னு. மத்தியானம் சாப்பிட மாட்டேங்கறா. சாப்பிடலேன்னா நான் எந்திரிச்சு உள்ள போகணும். போனா இன்னும் கேலி."

பின்லாந்தின் ஆகஸ்ட் வெளிச்சம் ஜன்னல் வழியாக நீளமாக விழுந்திருந்தது. இருவரும் மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார்கள்.

இலையுதிர் விடுமுறையில் கெம்பைனென் குடும்பம் ஔலு நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. பெரிய ஊர், பெரிய பள்ளிக்கூடம், உள்ளேயே நர்ஸ் உண்டு என்று கேள்விப்பட்டுப் போனார்கள். ஒரு மாலை ஹெலினா சமையலறையில் உருளைக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தபோது ஹெத்தா போன் செய்தாள்.

"நர்ஸ் இருக்காங்க. நல்லவங்க. நாலு பள்ளிக்கூடத்துக்கு அவங்க ஒருத்தர்தான். செவ்வாய்க்கிழமை வருவாங்க."

"மத்த நாளு?"

"ரொம்ப மரியாதையாக் கேட்டாங்க. அம்மா வந்து கூட உக்கார முடியுமான்னு."

ஹெலினா கத்தியைக் கீழே வைத்தாள். "நான் பேசிப் பாக்கறேன், ஹெத்தா."

"யார்கிட்ட?"

ஹெலினா யோசித்தாள். ஒவ்வொரு பெயராக வந்தது, ஒவ்வொன்றாகப் போனது.

"அங்க பனி விழுந்துச்சா?" என்று கடைசியில் கேட்டாள் ஹெலினா.

"இன்னும் இல்ல," என்றாள் ஹெத்தா. "இங்க கொஞ்சம் லேட்டாத்தான் விழுமாம்."